வளைவு நம்பத்தக்கது, விளக்கவுரை அன்று: ஒரு வெப்பப் பகுப்பாய்வுச் சேவை பற்றிய மதிப்புரை

மருந்து மூலக்கூறுகளையும், சைக்ளோடெக்ஸ்ட்ரினோடு அவை சேர்ந்து உண்டாக்கும் உள்ளடக்க அணைவுகளையும் (ஒரு மூலக்கூறின் குழிக்குள் இன்னொன்று அமர்ந்த இணைப்புகள்) டி.எஸ்.சி. (சூடாக்கும்போது வெப்ப ஓட்டத்தை அளப்பது), டி.ஜி.ஏ. (சூடாக்கும்போது எடை இழப்பை அளப்பது) ஆகிய இரு முறைகளிலும் சோதித்து அறிக்கை தரும் ஒரு தனியார் ஆய்வகத்தின் கட்டணச் சேவையைக் கடந்த ஓராண்டில் நான்கு முறை பயன்படுத்தியிருக்கிறோம். மருந்தாக்கவியல் முதுநிலை மாணவர்களின் ஆய்வுகளுக்கு வழிகாட்டுவது என் பணி. எங்கள் கல்லூரியில் உருகுநிலை பார்க்கும் சிறு கருவி ஒன்றைத் தவிர வெப்பம் சார்ந்த அளவீட்டுக்கு வேறு எதுவும் இல்லாததால், மாதிரிகளை வெளியே அனுப்புவதைத் தவிர எங்களுக்கு வழியில்லை. அந்த ஆய்வகத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இதே வகைச் சேவைகளை நாடும் பிற மாணவர்களும் ஆசிரியர்களும் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர்கள் வரைந்து தரும் வளைவு கொடுத்த காசுக்குத் தகும், அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் வரும் விளக்கப் பத்தி தகாது.

மாதிரிகளைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் குறையும் நிறையும் விளங்கும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பது குளுக்கோஸ் அலகுகள் வளையமாகக் கோத்து அமைந்த சேர்மம். மாவுப்பொருளை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது உண்டாகும் இப்பொருளை 1891-இல் பிரெஞ்சு வேதியியலர் வில்லியே முதன்முதலாகப் பதிவுசெய்தார். ஆறு அலகுகள் கொண்டது ஆல்ஃபா, ஏழு கொண்டது பீட்டா, எட்டு கொண்டது காமா. அடித்தட்டு இல்லாத ஒரு சிறு வாளியைப் போன்ற அந்த வளையத்தின் வெளிப்புறம் நீரை விரும்பும். உட்குழி நீரை வெறுக்கும். பீட்டா வகையின் உட்குழி ஏறக்குறைய 6 முதல் 6.5 ஆங்ஸ்ட்ராம் அகலமுடையது. பென்சீன் வளையம் ஒன்றைச் சுமக்கும் மருந்து மூலக்கூறு அதற்குள் நுழைந்து அமர அந்த இடம் பொருத்தமாக இருக்கிறது. நீரில் எளிதில் கரையாத மருந்தை இவ்வாறு உள்ளே அமர்த்தினால் அது கரையும் வேகம் கூடுகிறது என்பதுதான் இந்த ஆய்வுகள் அனைத்துக்கும் அடிப்படை. இது ஏட்டளவில் நின்றுவிட்ட கருத்தும் அன்று. 1976-இல் ஜப்பானில் புரோஸ்டகிளாண்டின் ஈ2 மருந்தும், 1988-இல் இத்தாலியில் பைராக்சிகாம் என்ற வலிநிவாரணியும் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் அணைவாகவே விற்பனைக்கு வந்தன. 191.2 மில்லிகிராம் அணைவுக்குள் 20 மில்லிகிராம் பைராக்சிகாம் இருக்கும் என்ற கணக்கு எங்கள் மாணவர்களுக்கு மனப்பாடம். இபுப்ரோஃபென் என்ற வலிநிவாரணிக்கு இதே வழி ஏன் எளிதில் அமைவதில்லை என்று கேட்கும் மாணவரிடம் ஒரு பெருக்கல் கணக்கைப் போடச் சொல்வேன்: 200 மில்லிகிராம் மருந்துக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற மோல் விகிதத்திலேயே (ஒரு மருந்து மூலக்கூறுக்கு ஒரு வளையம்) 1100 மில்லிகிராம் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் வேண்டும்; அந்த மாத்திரையை விழுங்குவது நோயாளிக்குத் தண்டனையாகிவிடும். ஆனாலும் கற்பதற்கு இபுப்ரோஃபென் நல்ல பொருள். ஆதலால் நாங்கள் அதையும் நாப்ராக்சென் என்ற இன்னொரு வலிநிவாரணியையும் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் தூய மருந்து, தூய சைக்ளோடெக்ஸ்ட்ரின், இரண்டையும் வெறுமனே கலந்த கலவை, ஈரமாகப் பிசைந்து உலர்த்தியது, உறைநிலையில் உலர்த்தியது என ஐந்து மாதிரிகள்.

டி.எஸ்.சி. செய்வது இதுதான். மாதிரி உள்ள ஒரு சிறு அலுமினியக் கிண்ணத்தையும் வெறுமையான இன்னொரு கிண்ணத்தையும் ஒரே வேகத்தில் சூடாக்கி, இரண்டுக்கும் இடையிலான வெப்ப ஓட்ட வேறுபாட்டைப் பதிவுசெய்கிறது. கிண்ணத்தை எல்லோரும் 'பான்' என்றே சொல்கிறார்கள். 1962-இல் அமெரிக்காவின் பெர்க்கின்-எல்மர் நிறுவனத்தில் வாட்சன், ஓநீல் ஆகிய இருவர் உருவாக்கிய இம்முறையில், படிக மருந்து உருகும்போது வளைவில் ஒரு கூர்மையான பள்ளம் விழும். அதன் தொடக்கம் உருகுநிலையையும், பரப்பு உருகல் என்தால்பியையும், அதாவது உருக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தையும், தரும். மருந்து முழுவதும் சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்குள் சென்று அமர்ந்துவிட்டால் உருகுவதற்குத் தனிப் படிகம் எதுவும் மிஞ்சாது. ஆகவே அந்தப் பள்ளம் மறையும். இது சரியான வாதம். இதைத் திருப்பிப் போட்டு, பள்ளம் மறைந்தால் அணைவு உண்டாகிவிட்டது என்று முடிவுகட்டுவதுதான் தவறு. அந்த ஆய்வகத்தின் விளக்கப் பத்தி ஒவ்வொரு முறையும் இந்தத் தவற்றைத்தான் செய்தது.

முன்பதிவு எளிது. இணையப் படிவத்தில் மாதிரியின் பெயர், எதிர்பார்க்கும் உருகுநிலை, சிதையும் வெப்பநிலை, நச்சுத்தன்மை ஆகியவற்றைக் கேட்கிறார்கள். டி.எஸ்.சி.க்கு மாதிரி ஒன்றுக்கு 1500 ரூபாய், அதற்கு மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வாங்கினார்கள். மாணவர் அடையாள அட்டையைக் காட்டினால் சிறு தள்ளுபடி உண்டு. அறிக்கை ஒன்பது அல்லது பத்து வேலை நாட்களில் மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. பொட்டலம் வந்து சேர்ந்ததும் எடைபோட்டு, ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஒளிப்படத்தோடு தகவல் அனுப்புகிறார்கள். இந்தக் கவனம் பாராட்டுக்குரியது.

முதல் தொகுதியில்தான் இடர்ப்பாடு தொடங்கியது. படிவத்தில் கிண்ணத்தின் வகையைக் கேட்கும் கட்டம் இல்லை. நாங்களும் தனியாக எழுதவில்லை. மருந்துப் பொருள்களுக்கு அவர்கள் வழக்கமாகக் காற்றுப்புகா மூடி போடுவார்களாம். எங்கள் மாதிரிகளுக்கும் அதையே போட்டுவிட்டார்கள். தூய மருந்துக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் காற்றில் கிடக்கும்போதே தன் எடையில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு நீரைச் சுமப்பது. 5 மில்லிகிராம் மாதிரியில் 0.65 மில்லிகிராம் நீர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 40 மைக்ரோலிட்டர் கிண்ணத்துக்குள் அந்த நீர் ஆவியாகி வெளியேற வழியில்லை. நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் எவ்வளவு அழுத்தம் காட்டும் என்பது மருந்தியல் படித்த எவருக்கும் தெரியும். அதே அழுத்தம் மெல்லிய அலுமினிய மூடிக்குள் ஏறி, 130 டிகிரியைத் தாண்டிய ஓரிடத்தில் மூடியின் விளிம்பு திறந்துகொண்டது. வளைவில் ஊசிபோல ஒரு கீறல் விழுந்தது. அறிக்கையில் அந்தக் கீறலுக்கு நேராக 'சைக்ளோடெக்ஸ்ட்ரினின் உருகுநிலை' என்று அச்சிட்டிருந்தார்கள். பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் உருகும் பொருளே அன்று. 300 டிகிரியை ஒட்டிச் சிதைந்து கருகும் பொருள்.

தொலைபேசியில் பேசியபோது கருவியை இயக்கும் இளைஞர் மறுப்பேதும் சொல்லவில்லை. 'சார், ஓட்டி முடிச்சதும் பானை எடுத்துப் பார்த்தேன், மூடி தூக்கியிருந்தது. அறிக்கை எழுதுறது நான் இல்லை' என்றார். கருவியருகில் நிற்பவருக்குத் தெரிந்த செய்தி அறிக்கை எழுதுபவருக்குப் போய்ச் சேர்வதில்லை என்பது அந்த ஒரு வாக்கியத்தில் புரிந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு தொகுதியையும் அனுப்பும் முன் அவரிடம் நேரடியாகப் பேசிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

மூடிய கிண்ணம் செய்த இன்னொரு வேலை இதைவிட நுட்பமானது. இபுப்ரோஃபென் 76 டிகிரி அளவில் உருகுவது. அதன் உருகல் என்தால்பி கிராமுக்கு ஏறக்குறைய 125 ஜூல். எங்கள் வெறுங்கலவையில் மருந்து எடையில் 15.4 விழுக்காடு. அப்படியானால் கலவைக்குக் கிராமுக்கு 19 ஜூல் வர வேண்டும், வந்ததோ 11. அறிக்கை இதைப் பார்த்து, வெறுமனே கலந்தபோதே பாதியளவு அணைவு உண்டாகிவிட்டதாக எழுதியது. கலுவத்தில் இரண்டு நிமிடம் மெதுவாகக் கலந்த உலர்ந்த பொடியில் அப்படி நடக்க வாய்ப்பு குறைவு. நடந்தது வேறு என்பதே என் கணிப்பு: 76 டிகிரியில் உருகிய மருந்தும், வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்கிய நீரும், சைக்ளோடெக்ஸ்ட்ரினும் ஒரே சிறு கிண்ணத்தில் சூடாக அடைபட்டுக் கிடக்கையில் மருந்து உள்ளே நுழையத் தொடங்கிவிட்டது. இரண்டையும் மூடிய கலத்தில் வைத்துச் சூடாக்குவது அணைவு தயாரிக்கும் முறைகளில் ஒன்றாகவே நெடுநாளாக இருந்துவருகிறது. சோதிக்க வைத்த கிண்ணமே தயாரிக்கும் கலமாக மாறிவிட்டது. அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றிவிட்டது.

அதே அறிக்கையில் இன்னொரு வாதமும் இருந்தது. கலவையை ஒருமுறை சூடாக்கிக் குளிரவைத்து மீண்டும் சூடாக்கியபோது உருகல் பள்ளம் அறவே இல்லையாம். ஆகவே அணைவு முழுமையடைந்ததாம். நான் உடனே தூய இபுப்ரோஃபெனை மட்டும் அதேபோல் இரண்டாம் முறை சூடாக்கிக் காட்டும்படி கேட்டேன். கட்டணம் வாங்காமல் செய்து தந்தார்கள். அதிலும் பள்ளம் இல்லை! உருகிய இபுப்ரோஃபென் குளிரும்போது எளிதில் படிகமாவதில்லை. மீக்குளிர்ந்த நீர்மமாகவே நின்றுவிடும். அதன் கண்ணாடி நிலைமாற்றம் (நீர்மம் கண்ணாடிபோல் இறுகும் மாற்றம்) மைனஸ் 45 டிகிரி அளவில்தான் நிகழ்கிறது. அந்த ஆய்வகத்தின் கருவியில் குளிரூட்டும் இணைப்பு இல்லை; 30 டிகிரியில்தான் ஓட்டம் தொடங்குகிறது. எனவே அந்த மாற்றம் அவர்களுடைய வளைவில் தெரியவே வழியில்லை. சைக்ளோடெக்ஸ்ட்ரின் ஒரு துகளும் இல்லாத மாதிரியிலேயே பள்ளம் மறைகிறது என்றால், கலவையில் மறைந்ததை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? இந்த ஒரு வளைவைத்தான் இப்போது புதிய மாணவர்களுக்கு முதல் வகுப்பில் காட்டுகிறேன். அதை இலவசமாக ஓட்டித் தந்த ஆய்வகத்துக்கு அந்த வகையில் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாம் தொகுதிக்கு ஊசித்துளை மூடி கேட்டோம். இம்முறை நீர் தடையின்றி வெளியேறியது. 50 டிகிரியிலிருந்து 120 டிகிரி வரை அகன்ற பள்ளம் ஒன்று விழுந்தது. இபுப்ரோஃபெனின் 76 டிகிரிப் பள்ளம் அந்த அகன்ற பள்ளத்தின் சரிவிலேயே உட்கார்ந்துகொண்டது. பள்ளத்தின் பரப்பை அளக்க வரையும் அடிக்கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது இங்கே வரைபவரின் கையில் இருக்கிறது. அவர்கள் 40 டிகிரியிலிருந்து 130 வரை ஒரே கோடாக இழுத்து, கிடைத்த பரப்பு முழுவதையும் மருந்தின் உருகல் என்தால்பி என்று போட்டுவிட்டார்கள்: கிராமுக்கு 260 ஜூல். தூய மருந்துக்கே 125 ஜூல்தான் என்னும்போது, ஏழில் ஒரு பங்குக்குச் சற்றே மேலாக மட்டும் மருந்து உள்ள கலவைக்கு அதைப்போல் இருமடங்கு எப்படி வரும் என்று எழுதிக் கேட்டேன். இரண்டே நாளில் திருத்திய அறிக்கை வந்தது. மறுவார்த்தை பேசாமல் திருத்துவது இவர்களிடம் உள்ள நற்பண்பு. ஆனால் கேட்டால்தான் திருத்துகிறார்கள். கேட்கத் தெரியாத மாணவரின் ஆய்வேட்டில் அந்த 260 அப்படியே ஏறியிருக்கும், தேர்வாளரும் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார். உருகுநிலையும் நீர் வெளியேறும் எல்லையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் மருந்துக்கு டி.எஸ்.சி. அளவு சார்ந்த விடை தருவது கடினம் என்பதை ஆய்வகம் தன் படிவத்திலேயே எச்சரிக்கையாகப் போடலாம்.

நாப்ராக்சென் இதற்கு நேர்மாறு. அது 155 டிகிரியை ஒட்டி உருகுகிறது. நீர் வெளியேறி முடிந்த பிறகும், சைக்ளோடெக்ஸ்ட்ரின் சிதையத் தொடங்க இன்னும் நெடுந்தொலைவு இருக்கும்போதும் நடக்கும் உருகல் அது. அடிக்கோடு இரு பக்கமும் தட்டையாகக் கிடக்கும். இங்கே அந்த ஆய்வகத்தின் அளவீட்டுத் தரம் நன்றாக வெளிப்பட்டது. ஒரே மாதிரியை மூன்று முறை ஓட்டச் சொன்னேன். தொடக்க வெப்பநிலைகள் அரை டிகிரிக்குள் ஒத்துப்போயின. அறிக்கையோடு, உருகுநிலை துல்லியமாகத் தெரிந்த இண்டியம் உலோகத்தால் கருவியைச் சரிபார்த்த அளவுத்திருத்தத் தாளும் இணைத்திருந்தார்கள். இண்டியம் 156.6 டிகிரியில் உருகுவது; நாப்ராக்சென் உருகும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது இருப்பதால், அதற்கு இதைவிடப் பொருத்தமான சரிபார்ப்புப் பொருள் கிடைப்பது அரிது. அந்தத் தாள் மூன்று மாதம் பழையது என்று நான் சுட்டியதும், எங்கள் மாதிரி ஓட்டிய அதே நாளில் ஓட்டிய இண்டியம் வளைவை எடுத்து அனுப்பினார்கள். வாரந்தோறும் சரிபார்க்கிறார்கள், அதை அறிக்கையில் சேர்ப்பதில்லை, அவ்வளவே.

இனி என் பக்கத்துப் பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிசைந்து உலர்த்திய நாப்ராக்சென் மாதிரியில் உருகல் பள்ளம் முழுவதும் மறையாமல், கிராமுக்கு 3 ஜூல் அளவில் ஒரு சிறு எச்சம் திரும்பத் திரும்ப வந்தது. பிசையும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தோம், எத்தனாலின் அளவை மாற்றிப் பார்த்தோம், எச்சம் அசையவில்லை. ஆய்வகத்தின் அடிக்கோட்டில்தான் கோளாறு என்று ஒரு மாணவர் உறுதியாகச் சொன்னார், நானும் பாதி நம்பினேன். விடை டி.ஜி.ஏ. அறிக்கையில் இருந்தது. எங்கள் புட்டியில் இருந்த பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் 120 டிகிரிக்குள் தன் எடையில் 13 விழுக்காட்டை நீராக இழந்தது. நாங்களோ அதன் மோல் எடை 1135 என்று நீரற்ற கணக்கில் எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கு ஒன்று என்று நிறுத்திருந்தோம். 1135 மில்லிகிராம் என்று தட்டில் வைத்த பொடியில் உண்மையான சைக்ளோடெக்ஸ்ட்ரின் 987 மில்லிகிராம்தான். நூறு மருந்து மூலக்கூறுகளுக்கு எண்பத்தேழு வளையங்கள் மட்டுமே இருந்தன; பதின்மூன்றுக்கு இடமே இல்லை. அணைவு குறையின்றி உண்டாகியிருந்தாலும் அந்தப் பதின்மூன்று விழுக்காடு வெளியே படிகமாகத்தான் கிடந்திருக்கும். நாப்ராக்செனின் உருகல் என்தால்பியைக் கிராமுக்கு ஏறக்குறைய 140 ஜூல் என்று கொண்டு கணக்கிட்டால், எச்சத்துக்கு விடையாக அதே 3 ஜூல்தான் வருகிறது. நீரைக் கணக்கில் சேர்த்து மீண்டும் நிறுத்துச் செய்த மாதிரியில் எச்சம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்தது. நாங்கள் இரண்டு மாதம் தேடிய பிழை எங்கள் தராசுத் தட்டிலேயே இருந்தது.

இதனால்தான் இந்தச் சேவையில் நான் டி.எஸ்.சி.யைவிட டி.ஜி.ஏ.யைப் பெரிதாக மதிக்கிறேன். சூடாக்கச் சூடாக்க எடை எவ்வளவு குறைகிறது என்று மட்டுமே சொல்லும் கருவி அது. அதன் விடையில் கற்பனைக்கு இடம் குறைவு. கருவியின் நம்பகத்தன்மைக்குச் சான்றாகக் கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட் வளைவைத் தருகிறார்கள். நீர், கார்பன் மோனாக்சைடு, கார்பன் டைஆக்சைடு என மூன்று படிகளில் முறையே 12.3, 19.2, 30.1 விழுக்காடு இழக்க வேண்டிய பொருள் அது. அவர்களுடைய வளைவில் மூன்று படிகளும் இந்த எண்களை ஒட்டியே விழுந்தன. இபுப்ரோஃபென் பற்றி டி.எஸ்.சி. குழப்பிய இடத்தில் டி.ஜி.ஏ. ஓரளவு தெளிவையும் தந்தது. தூய மருந்து திறந்த கிண்ணத்தில் 150 டிகிரியைத் தாண்டியதும் ஆவியாகிக் குறையத் தொடங்குகிறது. வெறுங்கலவையிலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் அந்த இழப்பு தெரிகிறது. உறைநிலையில் உலர்த்திய மாதிரியிலோ மருந்தின் பெரும்பகுதி சைக்ளோடெக்ஸ்ட்ரின் சிதையும் எல்லைவரை உள்ளேயே தங்கிவிட்டது. ஒன்று மறைந்ததைக் காட்டுவதைவிட, ஒன்று பிடிபட்டு நிற்பதைக் காட்டுவது வலுவான சான்று. ஆய்வகத்தின் விளக்கப் பத்தி இதைப்பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை என்பது வியப்பு.

அந்த விளக்கப் பத்தியைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் அதைத்தான் ஆய்வேட்டில் எடுத்து ஒட்டுகிறார்கள். நான்கு தொகுதிகளிலும் மருந்தின் பெயர் மட்டும் மாறி, வாக்கியம் மாறாமல் வந்தது: உருகல் பள்ளம் மறைந்திருப்பதால் உள்ளடக்க அணைவு உண்டானது உறுதியாகிறது என்று. பள்ளம் மறைய வேறு காரணங்களும் உண்டு. உறைநிலை உலர்த்தலிலோ கடுமையாக அரைக்கும்போதோ மருந்து படிக ஒழுங்கை இழந்து உருவற்ற நிலைக்குப் போயிருக்கலாம்; அப்போது சைக்ளோடெக்ஸ்ட்ரினின் குழி வெறுமையாக இருந்தாலும் பள்ளம் வராது. துணைப்பொருளின் மேற்பரப்பில் மருந்து மெல்லிய படலமாகச் சிதறியிருக்கலாம். மருந்தின் அளவே மிகக் குறைவாக இருந்து, பள்ளம் அடிக்கோட்டின் இரைச்சலில் கரைந்திருக்கலாம். இவற்றை விலக்க வேண்டுமானால் அதே முறையில் தனியாக உலர்த்திய மருந்து ஒரு மாதிரி, குழியே இல்லாத மால்ட்டோடெக்ஸ்ட்ரினோடு அதே விகிதத்தில் அதே முறையில் செய்தது இன்னொரு மாதிரி என்று இரண்டு ஒப்பீடுகளாவது வேண்டும். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் மாதிரியிலும் பள்ளம் மறைந்தால் அந்தச் சான்றை அங்கேயே கைவிட்டுவிடலாம். அதற்கும் மேல் படிக ஒழுங்கைக் காட்டும் எக்ஸ்-கதிர்த் தூள் விளிம்பு விலகலும், கரைசலில் மருந்தின் புரோட்டான்களும் குழிக்குள் உள்ள புரோட்டான்களும் அருகருகே இருப்பதைக் காட்டும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வும், 1965-இல் ஹிகுச்சியும் கானர்சும் வகுத்த, சைக்ளோடெக்ஸ்ட்ரின் கூடக் கூட மருந்து எவ்வளவு கரைகிறது என்று பார்க்கும் நிலைமைக் கரைதிறன் முறையும் துணைநிற்க வேண்டும். இத்தனையையும் ஒரு கட்டண ஆய்வகம் செய்து தர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. செய்யாத சோதனையின் முடிவை எழுதாமல் இருந்தாலே போதும்.

வேறு சில சிறு குறைகளும் உண்டு. முதல் அறிக்கையில் எல்லா ஓட்டங்களையும் 400 டிகிரி வரை கொண்டுசென்றிருந்தார்கள். சைக்ளோடெக்ஸ்ட்ரினின் சிதைவு பக்கத்தை முழுவதுமாக ஆக்கிரமித்து, மருந்தின் உருகலை எறும்பளவுக்குச் சுருக்கிவிட்டது. 250 டிகிரியோடு நிறுத்தச் சொன்ன பிறகு படமும் தெளிந்தது, அவர்களுடைய கருவியின் அடுப்பும் கரிபடியாமல் தப்பித்தது. வெப்பம் உமிழும் நிகழ்வு மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பதைப் படத்தில் குறிப்பதில்லை. கருவிக்குக் கருவி இந்த வழக்கம் மாறுவதால், வேறோர் ஆய்வகத்தின் படத்தோடு ஒப்பிட்ட மாணவி ஒருவர் உருகலைப் படிகமாதல் என்று வாசித்துவிட்டார். நிமிடத்துக்கு 10 டிகிரிக்குக் குறைவான வேகம் கேட்டால் கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள். இதை மட்டும் குறையாகச் சொல்ல மாட்டேன்: 30-இலிருந்து 250 வரை செல்ல 10 டிகிரி வேகத்தில் 22 நிமிடம் போதும், 2 டிகிரி வேகத்தில் 110 நிமிடம் ஆகும், கருவி நேரத்துக்குத்தானே காசு.

மூலத்தரவை எண்களாகவே தரும்படி கேட்டால் மறுக்காமல் தருகிறார்கள் என்பது இந்தச் சேவையின் பெரிய பலம். வெப்பநிலை, நேரம், வெப்ப ஓட்டம் ஆகிய மூன்று நிரல்கள் கையில் இருந்தால் அடிக்கோட்டை நாமே வரையலாம், பரப்பை நாமே கணக்கிடலாம், அறிக்கையின் எண்ணோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் கிண்ணத்தின் எடையையும் எழுதித் தரச் சொன்னோம். அதையும் கூடுதல் கட்டணம் இன்றிச் செய்தார்கள். 5 மில்லிகிராமில் 0.6 குறைந்திருந்தால் நீர் வெளியேறிவிட்டது என்று தெரியும். எதுவும் குறையாமல் இருந்தால் மூடியில் துளையில்லை என்று தெரியும். இந்த இரண்டு வசதிகளும் இருக்கும்வரை, விளக்கவுரை எவ்வளவு பலவீனமாக இருந்தாலும், நான் வேறிடம் தேடப்போவதில்லை.

வெப்பப் பகுப்பாய்வை ஓரளவு அறிந்தவர், தன் மாதிரியின் நீர் அளவைத் தெரிந்துவைத்திருப்பவர், கிண்ணத்தின் வகையையும் வெப்பநிலை எல்லையையும் தானே எழுதித் தரக்கூடியவர் ஆகியோருக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வழிகாட்டி இல்லாமல் தனியாக அனுப்பும் முதலாண்டு மாணவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அளவீட்டுக்கு ஐந்துக்கு நான்கரை, அணுகுமுறைக்கு நான்கு, அறிக்கையின் விளக்கத்துக்கு ஒன்று.

ஐந்தாம் தொகுதி போன வாரம் புறப்பட்டது. அதில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் ஒப்பீடும் இருக்கிறது. படிவத்தின் குறிப்புக் கட்டத்தில் ஊசித்துளை மூடி, 250 டிகிரி எல்லை, கிண்ண எடை, மூலத்தரவு என்று எழுதி, விளக்கப் பத்தி வேண்டாம் என்றும் சேர்த்திருக்கிறேன். அதற்காகக் கட்டணத்தில் ஏதும் குறையுமா என்று கேட்டேன், குறையாதாம்.